ஐம்பதை நெருங்கும் தாய்மார்க்கு



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நமக்கு, இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் கிடைக்காத பொருள் இல்லை. காப்பிப் பொடியும் கிடைக்கிறது, கறிவேப்பிலையும் கிடைக்கிறது. ஆனால் திண்ணையில் அத்தையும் பெரியம்மாவும் அமர்ந்து, ஆடவர் காதில் விழாத குரலில் பேசிக்கொள்ளும் அந்த அனுபவப் பேச்சை மட்டும் நாம் மூட்டை கட்டிக் கொண்டுவர இயலவில்லை. மகள் பூப்பெய்தினால் ஊரிலிருந்து உறவினர் வருவர், பிள்ளைப்பேற்றுக்கும் வருவர். மாதவிடாய் நிற்கும் பருவத்திற்கென்று எவரும் புகைவண்டி ஏறி வருவதில்லை. அப்பருவத்தைப் பற்றியே இன்று பேசப் புகுகிறோம்.

முதலில் உறுப்புகளின் அமைப்பை அறிவோம். அடிவயிற்றில், இடுப்பெலும்புக் கூட்டினுள், கவிழ்த்து வைத்த பேரிக்காய் போன்று கருப்பை அமைந்துள்ளது. அதன் இருமருங்கிலும், வாதுமைப் பருப்பையொத்த வடிவில் இரு சினைப்பைகள் உள்ளன. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை கருமுட்டைகள் அடங்கியிருக்கின்றன. பூப்பெய்தும் வயதில் அவை 3 அல்லது 4 லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை ஏறத்தாழ 400 மட்டுமே. எஞ்சியவை தாமாகவே தேய்ந்து மறைகின்றன. வரவே இல்லாமல் செலவு மட்டும் நடைபெறும் சேமிப்பு அது. ஆதலின் ஒரு நாள் அது தீர்வது நோயன்று; இயற்கையின் ஒழுங்கே ஆகும்.

இவ்வுறுப்புகளை இயக்குபவை ஹார்மோன்கள். 1905-ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில உடலியல் அறிஞர் இப்பெயரை வழங்கினார். ஓர் உறுப்பில் சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று, மற்றோர் உறுப்புக்குச் செய்தி சொல்லும் தூதுவர்கள் இவை. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி சினைப்பைக்குக் கட்டளை அனுப்புகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சுரக்கிறது. முன்னது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. பின்னது அச்சுவரைக் கருவை ஏற்கும் வண்ணம் பதப்படுத்துகிறது. கரு தங்காதபோது இரண்டும் குறைகின்றன. உட்சுவர் கரைந்து மாதவிடாயாக வெளியேறுகிறது.

கருமுட்டைகள் அருகிய பின், பிட்யூட்டரி எவ்வளவு உரக்கக் கட்டளையிட்டாலும் சினைப்பை செவிசாய்ப்பதில்லை. மாதவிடாய் சில வேளை தள்ளிப்போகும். சில வேளை முந்தி வரும். இறுதியில், தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால், அது நின்றுவிட்டதெனக் கொள்கிறோம். மேலை நாடுகளில் சராசரியாக 51-ஆம் வயதிலும், நம் நாட்டில் அதற்கு முன்பே, 46 அல்லது 47-ஆம் வயதிலும் இது நிகழ்கிறது. அறுவை மருத்துவத்தில் இரு சினைப்பைகளையும் அகற்றிவிட்டால் எந்த வயதாயினும் உடனே நிகழ்ந்துவிடும். ஆதலால் கருப்பையை எடுக்க வேண்டும் என்று கூறப்படுமிடத்து, சினைப்பைகளையும் எடுப்பார்களா, எடுப்பது அவசியந்தானா என்று கேட்டறிவது நம் உரிமை.

ஈஸ்ட்ரோஜன் குறைவதால் விளைபவை யாவை? மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக்கும் பகுதி தடுமாறுகிறது. டிசம்பர் மாதத்துத் தில்லிக் குளிரிலும் முகமும் கழுத்தும் திடீரெனத் தீயெனச் சுடும், வியர்வை பெருகும், உறக்கம் கலையும். உறக்கம் கெடவே, சிறு சொல்லுக்கும் சினம் எழும். வீட்டார் இதனைக் குணக்கேடு என்று பழிப்பது அறியாமை. எலும்பின் வலிமையும் முதற் சில ஆண்டுகளில் விரைந்து குறைகிறது. பாலும் கேழ்வரகும் எள்ளும் கீரையும் உண்பதும், நாள்தோறும் நடப்பதும், இளவெயில் மேனியில் படுவதும் எலும்புக்கு உறுதி தரும்.

மற்றொன்று, பெரும்பாலோர் வாய் திறந்து சொல்லாதது. பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து உலர்கிறது. அதனால் கூடலின்போது வலி உண்டாகிறது. மனைவி விலகுவதைக் கணவர் வெறுப்பென்று எண்ணுகிறார். மனைவியோ தன் மணவாழ்வு முடிந்ததென்று மனம் குமைகிறாள். இரண்டும் பிழை. இவ்வறட்சிக்கு வழுக்குப் பசைகளும், அவ்விடத்தில் மட்டும் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் உள்ளன. கணவரின் பொறுமை அவற்றினும் சிறந்த துணை. அன்றியும், மாதவிடாய் தள்ளிப்போன உடனே கருத்தரிக்கும் வாய்ப்பு அற்றுவிடுவதில்லை. ஐம்பதுக்கு மேல் நின்றால் ஓராண்டும், அதற்கு முன் நின்றால் ஈராண்டும் கருத்தடை முறையைத் தொடர்வது நன்று.

வெப்ப உபாதை மிகுந்தோர்க்கு ஹார்மோன் மருந்து பயன் தரும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான பேராய்வு ஒன்று, இரு ஹார்மோன்களும் சேர்ந்த மருந்தைப் பல ஆண்டுகள் உட்கொள்வோர்க்கு மார்பகப் புற்றுநோய் சிறிதளவு கூடுவதாகக் கூறவே, உலகெங்கும் அச்சம் பரவியது. பின்னர் நடந்த ஆராய்ச்சிகள், அறுபதுக்கு உட்பட்ட, வேறு தடையற்ற பெண்களுக்கு நன்மையே மிகுதி எனத் தெளிவாக்கின. எனினும் மருத்துவர் சொல்லாமல் இதனைக் கடையில் வாங்கி உண்ணலாகாது.

இனி, இவ்வுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க இயலுமாயின், இதனை வையுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின், ஒரு துளி இரத்தம் கண்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். "மறுபடியும் தீட்டு வந்துவிட்டது, உடம்பில் தெம்பு இருக்கிறது" என்று மகிழ்வது பெருந்தவறு. அவ்வாறு இரத்தம் கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கிறது. ஆகவே அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கண்ட முதியோரில் பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தப் போக்கே அறிகுறியாக இருந்தது. ஆகவே வாளாவிருத்தலும் ஆகாது. ஸ்கேன் கருவியால் உட்சுவரின் தடிப்பை அளப்பர். அது 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால், சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பர். தொடக்கத்திலேயே கண்டால், அறுவை மருத்துவத்தால் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகின்றனர்.

இவ்விடத்தில்தான் வெளி மாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்குரிய இடர் குறுக்கிடுகிறது. ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மகனுடன் வாழ வந்த அறுபது வயதுத் தாய். அவ்வூர் மொழி அறியாதவர். மருத்துவமனையில் மகனே மொழிபெயர்ப்பாளன். பெற்ற பிள்ளையிடம் இதை எங்ஙனம் சொல்வார்? "முழங்கால் வலி" என்று கூறி, களிம்புடன் திரும்பிவிடுகிறார். அம்முழங்கால் வலிக்குப் பின்னே மறைந்த உண்மை ஓராண்டு கழித்து வெளிப்படுமாயின், காலம் கடந்திருக்கலாம்.

ஆதலின் மருமகளோ மகளோ உடன் செல்லட்டும். அண்டை வீட்டுப் பெண்மணியாயினும் செல்லட்டும். எவரும் இலரேல், ஒரே ஒரு சொல் போதும். மாதவிடாயை இந்தியில் 'மாஹ்வாரி' என்பர். மராத்தியில் 'மாஸிக் பாளி' என்பர். வங்க மொழியில் 'மாஸிக்' என்பர். கன்னடத்தில் 'முட்டு' என்பர். அச்சொல்லைக் கூறி, நின்ற ஆண்டையும் இரத்தம் கண்ட நாளையும் ஒரு தாளில் எழுதி நீட்டினால், மருத்துவர் எஞ்சியதைப் புரிந்துகொள்வார்.

ஆடவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இவ்வார இறுதியில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதோ, உடன் வாழும் அன்னையுடன் காப்பி அருந்தும்போதோ, "அம்மா, பெண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிக்கொள்வோமா? இவளும் உடன் வருவாள்" என்று கேளுங்கள். காரணம் கேட்க வேண்டாம். திண்ணைப் பேச்சு இல்லாத ஊரில், அக்கேள்வியே அன்னையின் நாவைத் திறக்கும் திறவுகோலாகும்.