தூக்கத்துக்குச் சாட்சி யார்?

இந்த நாற்காலிக்கு உரியவர்கள் முன்வரிசையிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு தலைமையுரை ஆற்றுபவருக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும்.

அழைப்பிதழில் உள்ள தலைப்பு, கார்களுக்கு ஓட்டுநர் கண்காணிப்புக் கருவி வழங்கும் நிறுவனங்களின் போட்டி. கதை இந்த அவைக்குத் தெரிந்ததே. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 1999இல் ஸ்மார்ட் ஐ. மறு ஆண்டே கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து கிளைத்த சீயிங் மெஷின்ஸ். 2006இல் லெக்ஸஸ் ஓட்டுநர் முகத்தைப் பார்க்கும் கேமராவைக் காரில் வைத்தது. 2017இல் காடிலாக்கின் சூப்பர் குரூஸ் என்ற ஓட்டுநர் உதவி வசதியில் சீயிங் மெஷின்ஸ் நுழைந்தது. 2021இல் ஸ்மார்ட் ஐ 7.35 கோடி டாலருக்கு அஃபெக்டிவா நிறுவனத்தை வாங்கியது. 2024இல் எக்ஸ்பெரியின் ஆட்டோசென்ஸ் பிரிவு டோபி நிறுவனத்திடம் போனது. யார் கையில் எத்தனை கார் மாடல் என்ற கணக்கைப் பிற்பகல் அமர்வு பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கணக்கு இரண்டாம்பட்சம். இந்தக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்பதற்கு யாரைச் சாட்சியாக வைக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

துறையின் மூலநூல் என்றதும் எல்லோரும் பெர்க்ளோஸைச் சொல்வார்கள். கண்மணி 80 விழுக்காட்டுக்கு மேல் இமையால் மறைந்திருக்கும் நேரத்தின் பங்கு அது. 1994இல் வர்ஜீனியா டெக்கில் வியர்வில் குழு தந்தது. அதே ஆண்டு வியர்வில் எல்ஸ்வொர்த்துடன் எழுதிய இன்னொரு கட்டுரையை ஏனோ குறைவாகவே எடுத்துப் படிக்கிறோம். பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் ஓட்டுநரின் முகப் படச்சுருளைப் பார்த்தே தூக்கக் கலக்கத்துக்கு மதிப்பெண் இட முடியும் என்று காட்டிய கட்டுரை அது. சாட்சி அங்கே வெளியாள். 1998இல் டிங்கஸும் கிரேஸும் பெர்க்ளோஸைச் சோதித்தபோது, தூக்கமிழந்தவர்களின் எதிர்வினை வேகத்தையும் தவறவிட்ட கணங்களையும் உரைகல்லாக வைத்தார்கள். அங்கே சாட்சி கடிகாரம்.

ஐரோப்பிய ஒன்றியம் வைத்த சாட்சி யார்? ஓட்டுநரேதான். 2024 ஜூலை முதல் அங்கு விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் தூக்க எச்சரிக்கை கட்டாயம். அதன் அளவுகோல் 1990இல் ஆக்கர்ஸ்டெட்டும் கில்பெர்க்கும் வகுத்த ஒன்பது படி கரோலின்ஸ்கா தூக்க அளவை. எட்டாம் படியில் எச்சரிக்கை வர வேண்டும். அந்தப் படிக்குத் தாம் வந்துவிட்டதாகச் சொல்ல வேண்டியவர், கண் சொருகிக்கொண்டிருக்கும் அதே மனிதர். கருவி அந்தத் தருணங்களில் சராசரியாக 40 விழுக்காட்டுக்கு மேல் பிடித்தால் தேர்ச்சி. கேமராவே இல்லாமல் ஸ்டீயரிங் அசைவைக் கொண்டும் தேறலாம். தேர்வு இவ்வளவு எளிதாக இருந்தால் நல்ல கருவிக்கும் மலிவான கருவிக்கும் வித்தியாசம் தெரியாது; வாங்குபவர் விலையைத்தான் பார்ப்பார்.

கவனச்சிதறலுக்கு ஒன்றியம் வைத்த விதி இதைவிடத் தேவலாம். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல், பார்வை 3.5 நொடி சாலையை விட்டு விலகினால் எச்சரிக்கை. 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் 97 மீட்டர் போயிருக்கும் என்பது வேறு விஷயம். ஆயினும் பார்வை எங்கே இருந்தது என்பதை வெளியிலிருந்து சரிபார்க்கலாம்.

பெர்க்ளோஸின் மேல் பழைய வழக்கு ஒன்றும் உண்டு. மெல்பர்னின் மர்ரி ஜான்ஸ், 1991இல் எப்வொர்த் தூக்க அளவையைத் தந்தவர், இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதைவிட அது எத்தனை வேகத்தில் திறந்து மூடுகிறது என்பதே முக்கியம் என்றார். கண்ணாடிச் சட்டத்தில் அகச்சிவப்பு உணரி வைத்து அதை அளந்தும் காட்டினார். ‘எந்த ஓட்டுநர் கண்ணாடி மாட்டுவார்?’ என்று நம் நண்பர்கள் சிலர் அப்போது சிரித்தார்கள். அவர்கள் மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் அது விற்பனையைப் பற்றிய வாதமே தவிர விடையல்ல. விழித்த கண்ணோடு உறங்குபவரைப் பெர்க்ளோஸ் எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

தவறான சாட்சியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்லா உதாரணம் போதும். ஸ்டீயரிங்கில் கை படுகிறதா என்பதை மட்டும் பார்ப்பது கவனத்தை அளப்பதாகாது என்று, டெஸ்லா காரின் 2016 ஃபுளோரிடா விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மறு ஆண்டே சொன்னது. 2018இல் அமெரிக்காவில், கை இருப்பதுபோல் காரை ஏமாற்ற ஸ்டீயரிங்கில் மாட்டும் எடைப் பொருளையே விற்றார்கள். அரசு தலையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது. டெஸ்லா உட்புறக் கேமராவைக் கவனம் பார்க்கப் பயன்படுத்தத் தொடங்கியது 2021இல்தான்.

இன்று கட்டுரை வாசிக்கும் நிறுவனத்தாருக்கு ஒரு வேண்டுகோள். துல்லியம் இத்தனை விழுக்காடு என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும், அது ஓட்டுநர் சொன்னதோடு ஒப்பிட்டதா, பார்வையாளர் மதிப்பிட்டதோடா, எதிர்வினைத் தேர்வோடா என்பதையும், பொய் எச்சரிக்கை எத்தனை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சொல்லாத எண்களை விவாதத்துக்கு எடுக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவர்களையும் இந்த மேடை கேட்டுக்கொள்கிறது.