சேனைக்குச் சென்றவரின் நாற்காலி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவரையும், நகரத்து அச்சகம் ஒன்றில் சம்பளத்திற்கு வேலை பார்க்கும் ஒருவரையும் மனத்தில் கொள்ளுங்கள். இருவரும் டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்தியச் சேனையில் சேர்ந்தவர்கள். ஆண்டில் சில காலம் பயிற்சி. மற்ற நாட்களில் அவரவர் தொழில். அழைப்பாணை வந்தால் இருவரும் ஒரே ரயிலில் புறப்பட வேண்டியவர்களே. எனினும் அவர்கள் விட்டுச் செல்லும் இடங்கள் ஒரு தன்மையன அல்ல.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இச்சேனையை, 1949 அக்டோபர் 9ஆம் நாள் ராஜாஜி தொடங்கிவைத்தார். 1962, 1965, 1971 ஆகிய போர்க்காலங்களில் இதன் வீரர்கள் அழைக்கப்பட்டனர். போர் மட்டுமன்று, 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தபோது, மதராஸ் ரெஜிமெண்டைச் சார்ந்த 122ஆம் பட்டாளத்தார் மீட்புப் பணிக்கு விரைந்தனர். 2025 மே மாதத்தில், 32 காலாட் பட்டாளங்களுள் 14 பட்டாளங்களை முழுநேரப் பணிக்கு அழைக்க மத்திய அரசு அனுமதித்தது. 2028 பிப்ரவரி 9 வரை என்பது அவ்வாணையின் கெடு. மூன்றாண்டுகள்! ஒரு குடும்பத்துக்கு அது சிறிய காலமா?

அச்சகத் தொழிலாளிக்குச் சட்டம் துணை நிற்கிறது. சேனைப் பணி முடிந்து திரும்புபவரை, முன்னிருந்த நிலைக்குக் குறையாத நிலையில் மீண்டும் அமர்த்துவது முதலாளியின் கடமை என்கிறது 7-ஏ பிரிவு. அழைப்பு வரப்போவதறிந்து முன்கூட்டியே அவரை நீக்கித் தப்பவும் வழியில்லை. மறுத்தால், ஆறு மாத ஊதியம் வரை ஈடு தரவேண்டி வரும். மூன்றே பேரை வைத்துத் தொழில் நடத்தும் அச்சக உரிமையாளரின் சங்கடமும் மெய்யானதே. பதிலாளை வைத்து, வேலை பழக்கி, பின்னர் அவனை எவ்வாறு வெளியே அனுப்புவது? உண்மையில் இயலாதவருக்கு விசாரணைக்குப் பின் விலக்களிக்கவும் சட்டம் இடம் தந்திருக்கிறது. அது நியாயமென்றே எனக்குப் படுகிறது.

துணிக்கடைக்காரரின் நிலை வேறு. அவருக்கு முதலாளி இல்லை. ஆகவே, "என் வேலையைத் திருப்பித் தா" என்று கேட்கவும் ஆளில்லை. சேனைச் சம்பளம் மாதந்தோறும் வரும். ஆனால் ஓணத்திற்கு முன் மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குக் கொடுப்பது அவருடைய முகத்தைப் பார்த்தல்லவா? வாடிக்கைக்காரர் பூட்டிய கதவைக் கண்டு இரண்டு முறை திரும்பிப் போவார். மூன்றாம் முறை அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவார். கடை வாடகையோ நிற்பதில்லை. இவ்விழப்பை 7-ஏ பிரிவு தொடவே இல்லை. குடிமைத் தொழில் செய்பவரையே நாடும் ஒரு சேனை, அத்தொழில்களுள் ஒரு வகையை மட்டும் இவ்வாறு காப்பது குறையென்றே சொல்வேன்.

சட்டம் திருந்தும்வரை வீட்டார் செய்யக்கூடியது சிறிது உண்டு. கடையை நடத்தும் அதிகாரப் பத்திரத்தை மனைவியின் பெயருக்கோ தம்பியின் பெயருக்கோ முன்னரே எழுதிப் பதிவு செய்யலாம். பாங்குக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கலாம். யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதை ஒரு நோட்டில் குறித்து, புறப்படுமுன் மொத்த வியாபாரியிடம் மனைவியை நேரில் அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவைக்கலாம். அழைப்பாணை கைக்கு வந்தபின் இவற்றுக்கெல்லாம் நேரம் கிடைப்பது அரிது.