ஒரு பிள்ளைக்கு ஒரு துணை



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அன்பிற்குரிய இளைஞர்களே!

நம் ஊர்க் குர்ஆன் மத்ரஸாவைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரே பாயில் இருபது பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். ஆயினும் அனைவருக்கும் ஒரே பாடம் இருப்பதில்லை. ஒரு பிள்ளை அரபு எழுத்துக்களில் நிற்கும். இன்னொரு பிள்ளை அம்ம ஜுஸ்உவை ஓதும். மற்றொரு பிள்ளை குர்ஆனைத் தமாம் செய்யும் தறுவாயில் இருக்கும். ஒவ்வொருவரும் முறைப்படி உஸ்தாதின் முன் வந்து தம் பாடத்தை ஓதிக் காட்டுவர். பிழை அவ்விடத்திலேயே திருத்தப்படும். பாடம் சரியாகும் வரை அடுத்த பாடம் கொடுக்கப்படுவதில்லை.

இந்த நல்ல முறையை நாம் ஏன் கணிதத்திற்கும் மொழிக்கும் கையாளவில்லை?

42இலிருந்து 17ஐக் கழிக்குமாறு கேட்டால், சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் பிழையென்று குறியிட்டுச் செல்லவே நேரமிருக்கும். அருகில் அமர்ந்து, "மகன், இது எப்படி வந்தது?" என்று கேட்பவருக்கே உண்மை புலப்படும். இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாததால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். அவன் மூடன் அல்லன். பத்துக்களை உடைத்து ஒன்றுகளாக மாற்றலாம் என்பதை அவனுக்கு எவரும் விளங்க வைக்கவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுக்களைக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் அவனுக்கு அது விளங்கிவிடும்.

அவ்வாறு காட்டாவிடின் என்ன நேரும்? க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறி மனமுடைந்து நிற்கும் இளைஞரைக் காண்கிறோம். அவர்களுள் பலர் பதினோராம் தரத்திலா பின்தங்கினார்கள்? மூன்றாம் தரத்திலேயே பின்தங்கிவிட்டார்கள், நாம் கவனிக்கவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயினாலும் 2022இல் எரிபொருள் நெருக்கடியினாலும் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்போது எழுத்தறியும் பருவத்திலிருந்த பிள்ளைகள் இன்று மேல் வகுப்புக்களில் இருக்கிறார்கள். பலருக்கு அத்திவாரமின்றியே சுவர் எழுப்பப்பட்டுள்ளது. நூற்றுக்கணக்கானோர் அமரும் டியூஷன் வகுப்புக்குப் பணம் கட்டுவதால் இக்குறை தீராது.

இளைஞர்களே! பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் மீட்புப்பணம் செலுத்த இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்தைக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எதிரியின் கையிலிருந்த அறிவும் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் உங்கள் அறிவு பயன்படாமல் கிடக்கலாமா?

இதற்குப் பட்டம் தேவையில்லை. 2001 முதல் 2003 வரை இந்தியாவின் மும்பாய், வதோதரா நகரங்களில், இடைநிலைக் கல்வி முடித்த உள்ளூர் இளம்பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அமர்த்தி அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பித்தனர். பிள்ளைகள் தெளிவாக முன்னேறியதை ஆய்வு காட்டியது. குழுவிலேயே இத்துணை பயன் கிடைக்குமாயின், ஒரு பிள்ளைக்கென ஒருவர் அமர்ந்தால் எவ்வளவு நன்மை விளையும்!

வாரத்தில் மூன்று நாட்கள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையின் வகுப்பைக் கொண்டு தொடங்காதீர்கள். அப்பிள்ளை அறிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஐந்தாம் தரப் பிள்ளை 'கெ', 'கே', 'கொ', 'கோ' என்பவற்றில் தடுமாறினால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். வீட்டில் தமிழ் பேசிச் சிங்கள மொழிமூலம் பயிலும் பிள்ளைக்குப் பாடநூலின் சொற்களை முதலில் விளங்க வையுங்கள். ஏளனம் செய்யாதீர்கள், கை ஓங்காதீர்கள். கடுமை மாணவனின் ஊக்கத்தைக் கெடுக்கும் என இப்னு கல்தூன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்துள்ளார். பெரியோர் காணக்கூடிய திண்ணையிலோ கூடத்திலோ அமர்ந்தே கற்பியுங்கள்.

பெற்றோர்களே! "நாங்கள் படிக்காதவர்கள்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளையை ஒரு பக்கம் உரத்து வாசிக்கச் செய்து கேளுங்கள். எங்கே தடுமாறுகிறது என்பதை அறிய உங்கள் செவியே போதும். அயல் வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். நேற்று வாசித்ததற்கும் இன்று வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

உங்கள் தெருவில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் வெட்கி மறையும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். இவ்வாரமே அப்பிள்ளையைத் தேடி, அருகில் அமருங்கள்.

பயன்தரும் கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.