மழைக்கு ஒரு உடை வேண்டும்

(மாத்தளை மாவட்ட மகளிர் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசி, கார்த்திகை வந்தால் இரத்தோட்டைப் பக்கமும் கம்மடுவைப் பக்கமும் மழைதான். மழையென்று கொழுந்து நிற்பதில்லை, நாமும் நிற்பதில்லை. அதனால் இன்று மழைக்குப் போடும் உடையைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் முன்னோர் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடிந்தது அதை நினைத்துத்தான். வெயில் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மலைக்குளிரில் துணை ஒரு கம்பளி. இரவில் அது போர்வை. பகலில் மழைக்குத் தலைமூடி. துரைமார் அதற்கு வேறு சொல் தேடவில்லை. நாம் சொன்னதையே ‘கம்ப்ளி’ என்று எழுதிக்கொண்டார்கள். சொல்லை இனாமாக எடுத்தார்கள். கம்பளியின் விலையோ நம் கடன் கணக்கில் ஏறியது.

கம்பளி இல்லாதவர்கள் சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்தார்கள். அது கொங்காணி. இடுப்பில் கட்டியது படங்கு. பிறகு உரப்பை வந்தது, பொலித்தீன் வந்தது. பொருள் மாறியது, வாங்குகிற கை மாறவில்லை.

இப்போது கடையில் ‘பொன்சோ’ விற்கிறார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த சொல். ஆண்டிஸ் மலை மக்கள் கம்பளித் துணியின் நடுவே தலை நுழைய ஒரு திறப்பு விட்டு மாட்டிக்கொள்ளும் உடை அது. அவர்கள் வேலைக்கும் குளிருக்கும் ஏற்றபடி அவர்களே நெய்தது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பொன்சோ நம் வேலைக்குத் தைத்ததா? கூடைக்கு மேலே போட்டால் கொழுந்தைப் போட முடியாது. உள்ளே போட்டால் கொழுந்து நனையும். நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிப்பார்கள். முன்பக்கம் தேயிலை வாதில் மாட்டிக் கிழியும். உள்ளே வியர்த்து ஊற்றும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. மழையுடையைத் தோட்ட நிர்வாகம் தர வேண்டும். சம்பளத்தில் அதற்காக ஒரு சதமும் வெட்டக்கூடாது. தைப்பதற்கு முன் கூடை சுமக்கிற பெண்களைக் கேட்க வேண்டும்.

கத்தியும் கூடையும் வேலைக்கு வேண்டியவை என்றால் மழையுடையும் வேண்டியதுதான். இது சலுகை அல்ல. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே கூடி, எத்தனை பேருக்குத் தேவை என்று எழுதி, தலைவர், தலைவி இருவரும் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அந்தக் கணக்கோடு நாம் பேச்சுவார்த்தைக்குப் போவோம்.