பட்டத்தோடு நின்றுவிட வேண்டாம்: மேற்படிப்புக்கு உதவித்தொகை பெறும் வழிகள்

(வடலூரில் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் நிகழ்த்திய உரை)





கல்லூரியில் முதலாண்டு சேர உதவி கேட்டு நம்மிடம் பலர் வருகிறார்கள். முதுகலைக்கு உதவி கேட்டு வருகிறவர்கள் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர், பணம் கட்ட இரண்டு நாள் இருக்கும்போதுதான் வருகிறார்கள்.

2006-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை ஒரு கணக்கைச் சொன்னது. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளங்கலை படிப்போரில் 25 பேருக்கு ஒருவர் முஸ்லிம். முதுகலையில் 50 பேருக்கு ஒருவர்தான். ஒரு படி ஏறுவதற்குள் நம் பங்கு பாதியாகிவிடுகிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நம் கையால் சரிசெய்யக்கூடியது ஒன்று: உதவித்தொகை இருப்பது தெரியாமலும், தெரிந்தும் தாமதமாக விண்ணப்பித்தும் இழப்பது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதல் வழி, மதிப்பெண். இதற்குச் சாதி, மதம் எதுவும் தடையில்லை. பல்கலைக்கழக மானியக் குழு முதுகலை மாணவர்கள் 10,000 பேருக்கு மாதம் 15,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம் தருகிறது. இரண்டு ஆண்டுக்கு மூன்று லட்சம். குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இளங்கலை மதிப்பெண்ணை வைத்தே தேர்வு. முதுகலை முதலாண்டில் சேர்ந்தவுடன் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே பி.எஸ்சி. முதல் செமஸ்டரில் எடுக்கும் மதிப்பெண்ணும் பின்னாளில் பணமாகும் என்பதைப் பிள்ளைகள் நினைவில் வையுங்கள். பொறியியல் படித்தவர்கள் கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய்.

இரண்டாவது வழி, சமூகமும் வருமானமும். இங்கே ஒரு பாடம் இருக்கிறது. சிறுபான்மையின ஆராய்ச்சி மாணவர்களுக்காக 2009-ல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கான வட்டி மானியத் திட்டமும் அதே காலத்தில் நின்றது. அண்ணன் வாங்கினான், தம்பிக்கும் கிடைக்கும் என்று இருக்கக் கூடாது. எது நடப்பில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேரும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை கல்விச் செலவை ஏற்கிறது. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் திருவாரூரும் மத்தியப் பல்கலைக்கழகங்கள்தாம். அங்கே சேர கியூட் முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கல்லூரி இறுதியாண்டு படிக்கும்போதே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் ஓர் ஆண்டு போய்விடும். வெளிநாட்டில் முதுகலை படிக்க முஸ்லிம் மாணவர்கள் பத்துப் பேருக்குத் தலா 36 லட்சம் வரை தரும் திட்டத்தையும் 2025-ல் மாநில அரசு அறிவித்தது.

மூன்றாவது, கடன். டாம்கோ வழியாகச் சிறுபான்மையினருக்குக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் உண்டு. வட்டி என்பதால் நம் குடும்பங்கள் தயங்குவது நியாயமே. ஆலிம்களிடம் கலந்துகொண்டு முடிவெடுங்கள். ஆனால் முதல் இரண்டு வழிகளையும் தட்டிப் பார்க்காமல் கடனுக்குப் போகாதீர்கள்.

இனி, விண்ணப்பங்கள் எங்கே நின்றுபோகின்றன என்று பார்ப்போம். பெரும்பாலும் காகிதத்தில்தான்.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', வங்கிப் புத்தகத்தில் வெறும் 'எம்.டி.'. பெண் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் 'பேகம்' இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. வீட்டில் இது சாதாரணம். கணினிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றை இப்போதே திருத்துங்கள். பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும்; நடப்பில் இருக்கட்டும்.

அடுத்து, சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் மாநிலத்தில் 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. மாநிலச் சான்றிதழ் மத்திய நிறுவனத்தில் செல்லாது; அங்கே தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் கேட்பார்கள். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

வருமானச் சான்றிதழைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறோம். அத்தா சவூதியிலோ துபாயிலோ வேலை பார்க்கும் குடும்பங்கள் லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் நிறைய. அந்த வருமானத்தை மறைத்துச் சான்றிதழ் வாங்குவது சட்டப்படி குற்றம். அது இன்னொரு ஏழைப் பிள்ளையின் பங்கு, அமானிதம். வருமானம் கூடுதல் என்றால் மதிப்பெண் வழி திறந்தே இருக்கிறது.

விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடியவில்லை. கல்லூரியில் அதற்கென்று உள்ள அலுவலர் இணையத்தில் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், கடைசித் தேதிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். உதவித்தொகை வாங்கித் தருகிறோம், முன்பணம் கொடுங்கள் என்று யார் வந்தாலும் கொடுக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தூரம்தான் தயக்கம் என்றால், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கடல்வாழ் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் இருப்பதை விட்டுவிடலாமா?

நமக்கும் ஒரு கடமை உண்டு. இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் உதவித்தொகைத் திட்டத்தில் ஒரு நல்ல முறை இருக்கிறது. மாணவருக்கு அது வட்டியில்லாக் கடன். சமூகத்துக்கு அது நன்கொடை. படித்து வேலைக்குப் போனவர் திருப்பிக் கட்டும் பணம், வங்கிக்குப் போகாமல் அடுத்த மாணவருக்குப் போகிறது. நம் ஊர் தருமசாலை அடுப்பு 1867 முதல் அணையாமல் எரிவதைத் தினமும் பார்க்கிறோம். யாராவது விறகு போட்டுக்கொண்டே இருப்பதால்தான் அது எரிகிறது. ஜமாஅத் பைத்துல்மாலில் கல்விக்கென்று தனியாக ஒரு கர்ழன் ஹஸனா நிதி வைத்தால், அரசுப் பணம் கைக்கு வரும் வரையிலான முதல் தவணையையாவது நாம் கட்டிவிடலாம். பல பிள்ளைகள் அந்த இரண்டு, மூன்று மாதத்தில்தான் படிப்பை விடுகிறார்கள்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் பிள்ளை உள்ள குடும்பங்கள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு இந்த மாதமே நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சரிபார்த்து, விண்ணப்பமும் போட்டுத் தருகிறோம், கட்டணம் இல்லை. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.