பசித்தவரின் நாசி

உணவை மறுத்து மறுத்துச் சரீரம் எலும்பும் தோலுமாகிவிடும் விசித்திரமான நோயொன்றை, 1873-ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியரும் பாரிஸில் சார்ல் லாசேக் என்ற வைத்தியரும் தனித்தனியே வர்ணித்தார்கள். இன்று 'அனோரெக்சியா நெர்வோசா' என்று வழங்கும் அந்நோய்க்கு ஆளானவர்களைப் பார்த்து, "இவர்களுக்குப் பசியே கிடையாது; சாப்பாட்டு வாசனையே ஆகாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நாம் ருசி என்று அனுபவிப்பதில் பெரும்பகுதி மணமே. ஜலதோஷம் பிடித்தவருக்கு மிளகு ரசம் வெறும் புளிப்பும் உப்பும் காரமுமாக நின்றுவிடுவது அதனால்தான். நாசியின் உச்சியிலுள்ள நரம்புகள் கிரகித்த மணம், பயத்தையும் ஞாபகத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளை மற்றப் புலன்களைவிட நேரான வழியில் சென்று எட்டுகிறது. ஒரே மணம் பசித்தவருக்கு இன்பமாகவும், உண்டு முடித்தவருக்குச் சலிப்பாகவும் தோன்றுவதற்கு உடலின் உள்நிலையே காரணம் என்று மிஷேல் கபானாக் என்ற பிரெஞ்சு சரீர சாஸ்திரி 1971-இல் விளக்கினார்.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதை 1944, 45-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் ஆராய்ந்தார். தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான வாலிபர்கள் ஆறுமாத காலம் அரைவயிற்று உணவில் இருந்தபோது, அவர்கள் சிந்தனை ஓயாமல் உணவையே சுற்றி வந்தது; அதுவரை சமையலில் நாட்டமில்லாதவர்கள்கூடச் சமையற் புத்தகங்களைப் படிக்கலானார்கள். அனோரெக்சியா நோயாளிகளிடமும் இதைக் காணலாம். பிறருக்கு ஆசையோடு சமைத்துப் பரிமாறி, மணத்தை மட்டும் நுகர்ந்து, தாம் ஒரு கவளமும் கொள்ளாமல் எழுந்துவிடும் பெண்ணுக்கு வாசனை தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

இவர்களுடைய நாசியின் கூர்மையை அளந்த சோதனைகள் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் அது கூர்மையாகவும், சிலவற்றில் மந்தமாகவும், சிலவற்றில் மற்றவர்களுக்குச் சமமாகவும் காணப்பட்டது. உடல் மெலிவு, மனச்சோர்வு, மருந்துகள் எல்லாம் அளவைப் பாதிக்கக்கூடும் அல்லவா? நாசியின் திறத்தைக் காட்டிலும், அது கொண்டுவரும் செய்தியைப் பயம் எப்படி எதிர்கொள்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெய் மணம் நமக்கு அழைப்பு. அவர்களுக்கோ அழைப்பும் அபாயமும் ஒன்றாகவே வந்து சேருகின்றன.

ஆகவே, "வாசனை மூக்கைத் துளைக்கிறதே, ஒரு வாய் சாப்பிடேன்" என்று தாய் கெஞ்சுவதால் அந்தப் பயம் தணிவதில்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான சிகிச்சை முறையில், குழந்தைக்குப் பசி வரட்டும் என்று காத்திராமல், அதன்மீது பழி சுமத்தாமல், உணவின் பொறுப்பைப் பெற்றோரே சிறிது காலம் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நெடுநாள் பட்டினியால் வாடிய உடலுக்குத் திடீரென்று மிகுதியாக ஊட்டினால், இரத்தத்திலுள்ள உப்புச் சத்துக்கள் நிலைகுலைந்து இருதயத்துக்கே ஆபத்து நேரலாமாதலால், மிகவும் மெலிந்துவிட்டவருக்கு முதல் நாட்களின் உணவளவை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். மயக்கமோ நாடித் தளர்ச்சியோ கண்டால் அன்றைக்கே அவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.