தரமும் தவறும்

நாம் குடியிருக்கும் சால்ட் லேக் முன்னொரு காலத்தில் உப்புச் சதுப்பு நிலம். 1962-ஆம் ஆண்டு தொடங்கி, ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து கொட்டி மேடாக்கிய நிலத்தின்மேல் இந்நகர் எழுந்தது. இங்கிருந்து சில மைல் தொலைவில் பராநகர் இருக்கிறது. அங்குள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் பழைய சம்பவம் ஒன்று நம் நினைவுக்கு வரும்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஓர் அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்தோம். மொத்தம் ஆறு பேர். மாதந்தோறும் யாருடைய படியில் எத்தனை பிழை என்று எண்ணி, வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவார்கள். கடைசியில் நின்றவருக்கு மெமோ வரும். அடுத்த மாதம் அவருடைய பிழைகள் பெரும்பாலும் குறையும். மெமோ வேலை செய்தது என்று மேலதிகாரி மகிழ்வார். முதலில் நின்று பாராட்டுப் பெற்றவரோ அடுத்த மாதம் சறுக்குவார்; தலைக்கனம் என்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் இரண்டு மாதம் தொடர்ந்து கடைசியில் நின்றார். அவருடைய தகுதிகாண் பருவத்தை நீட்டித்தார்கள். அவர் வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டார். நாம் அந்த வரிசையில் நடுவில் இருந்தோம். ஆகவே வாய் திறக்கவில்லை.

அந்த வரிசையில் இருந்த குற்றம் யாதென்பதை 1924-ஆம் ஆண்டிலேயே விளக்க வழிகாட்டியவர் வால்டர் ஷூஹார்ட். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிலில் இருந்த இயற்பியல் அறிஞர். அவர் கண்ட உண்மையை நம் வீட்டு அடுக்களையிலேயே காணலாம். ஒரே மாவில் வார்த்த இட்டிலிகளும் ஒன்றுபோல் இரா. ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சற்றுச் சிறிது. இது இயல்பான வேறுபாடு. இதற்காக யாரையும் கோபிப்பதில் பொருளில்லை. ஆனால் ஜனவரிக் குளிரில் மாவு பொங்காமல் எல்லா இட்டிலிகளும் கல்லாகிப் போனால், அதற்குத் தனிக் காரணம் உண்டு, தேடினால் அகப்படும். இவ்விரண்டையும் பிரித்தறிய, மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இட்ட எளிய வரைபடம் ஒன்றை ஷூஹார்ட் தந்தார். புள்ளி கோடுகளுக்குள் விழுந்தால் ஆளைத் துரத்தாதே. வெளியே விழுந்தால் காரணத்தைத் தேடு. இயல்பான வேறுபாடே பெரிதாக இருக்கிறதென்றால் செய்முறையை மாற்று. அதை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் தொழிலாளியிடம் இல்லை.

பேராசிரியர் மகலநோபிஸ் 1931-இல் நிறுவிய பராநகர்க் கழகத்தின் அழைப்பை ஏற்று, 1947-48-இல் ஷூஹார்ட் நம் நாட்டுக்கு வந்தார். பின்னர் 1954-55-இல் ஜப்பானியப் பொறியியலாளர் கெனிச்சி டாகுச்சி இக்கழகத்தில் தங்கி ஆராய்ந்தார். சோதனைகளைத் திட்டமிட்டு நடத்தி, பொருளை வடிவமைக்கும்போதே தரத்தை அதனுள் வைக்கவேண்டும் என்னும் அவருடைய முறை பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவுக்கு இதில் ஒரு பங்கு உண்டென்று இங்கு வாழும் நம்மவரிலேயே பலர் அறியார்.

ஷூஹார்ட்டின் கருத்தை மேலாளர்களின் மனத்தில் தைக்கும்படி சொன்னவர் எட்வர்ட்ஸ் டெமிங். அவர் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். பெட்டியில் 4000 மணிகள். அவற்றுள் 800 சிவப்பு, மற்றவை வெள்ளை. ஐம்பது குழிகள் கொண்ட பலகையை உள்ளே விட்டு மணிகளை எடுக்கவேண்டும். சிவப்பு மணி வந்தால் அது பழுது. ஒருவருக்கு ஏழு வரும்; மற்றவருக்குப் பதின்மூன்று வரும். டெமிங் மேலாளர் வேடம் பூண்டு, குறைவாக எடுத்தவரைப் புகழ்வார். மிகுதியாக எடுத்தவரை அதட்டுவார். அவையில் சிரிப்பு எழும். கண்ணை மூடி எடுப்பவன் என்ன செய்வான்? பெட்டியில் சிவப்பு மணிகளைப் போட்டது அவனல்லவே!

ஆகவேதான் கடைசியில் நின்று பழுதைப் பொறுக்குவதை நம்பியிராமல் முதலிலேயே செய்முறையைச் சீராக்குங்கள் என்றும், அச்சத்தை அகற்றுங்கள் என்றும் டெமிங் வற்புறுத்தினார். அஞ்சியவன் பிழையை மறைப்பான். மறைந்த பிழையை யார் திருத்துவது? 1950-இல் ஜப்பானில் அவர் சொன்னதை அந்நாட்டார் செவிமடுத்தனர். மறு ஆண்டே அவர் பெயரில் ஒரு பரிசையும் ஏற்படுத்தினர். 1954-இல் அங்குச் சென்ற ஜோசப் ஜுரான், பெரும்பாலான பழுதுகள் ஒரு சில காரணங்களிலிருந்தே பிறக்கின்றன, அவற்றை முதலில் பிடியுங்கள் என்றார். இஷிகாவாவின் முயற்சியால் 1962 முதல் தொழிலாளரே கூடி ஆராயும் தர வட்டங்கள் தோன்றின. டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதல் பெற்றது, 1998-இல், சென்னையை அடுத்த பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனம். பராநகருக்கு ஷூஹார்ட் வந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நேயர்களே, அந்தப் பழைய பட்டியல்களின் நகல் ஓராண்டுக்கு உரியது நம்மிடம் இருக்கிறது. அண்மையில் ஒரு ஞாயிறன்று அவற்றை ஷூஹார்ட் முறையில் வரைந்து பார்த்தோம். அந்த இளைஞரின் புள்ளிகள், ஒரு மாதம் தவிர, கோடுகளுக்குள்ளேயே விழுந்தன. அந்த ஒரு மாதத்தில் ஆறு பேருடைய புள்ளிகளும் ஒருசேர மேலே ஏறியிருந்தன, நம்முடையதும்கூட. அது மார்ச் மாதம். மூலப் படிகள் மாலை ஐந்து மணிக்குமேல் வந்து, மறுநாள் காலையில் அச்சுக்குப் போகவேண்டியிருந்த மாதம்.